சிவப்புத் துணி கட்டிய பற்றை

அந்தப் பற்றையை வெட்டியது நீங்கள்தான். உள்ளே முட்டை இருந்தது தெரிந்தே வெட்டினீர்கள். எங்கள் வாய்க்காலுக்குப் பொறுப்பானவர் என்று உங்களை இவ்வளவு நாளும் மரியாதையாக அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். இதையும் மரியாதை விட்டு எழுதவில்லை.

சிறுபோக நெல் விதைப்புக்குக் குளம் திறக்க முன்னம், அவரவர் வயலை ஒட்டிய வாய்க்கால் பங்கை அவரவரே துப்புரவாக்க வேண்டும். கண்டாவளைப் பக்கத்தில் அதுதான் வழக்கம். என் பங்கை நான் ஒரே காலையில் முடித்துவிடுவேன். இந்த முறை நாலு வயது மகளை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. கூட்டிக்கொண்டு போனேன். பாதி வெட்டியிருப்பேன், என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பாம்பு என்று நினைத்துக் கத்தியை ஓங்கினேன்.

"வெட்டாதேங்கோ அம்மா. உள்ளுக்கை ஆரோ இருக்கினம்."

புல்லுக்குள் வெள்ளை முகத்தோடு ஒரு கானாங்கோழி. அது நழுவி ஓடிய இடத்தில் ஆறு முட்டைகள், பழுப்புப் புள்ளி போட்டவை.

மீள்குடியேறிய நாளிலிருந்து அந்தக் கரையில் நடக்கிறேன். கானாங்கோழி விடியப்புறம் சத்தம் போடும், சிலர் கறிக்குப் பிடிப்பார்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பற்றையை விட்டுவிட்டேன். பின்னேரங்களில் மகளும் நானும் எதிர்க்கரையில் போய் இருந்தோம். சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை. முதல் நாள் விதைநெல்லும் மாடும்தான் மண்டைக்குள் ஓடின. மூன்றாம் நாள் அவை ஞாபகத்துக்கு வரவில்லை. அந்தப் பறவை நேரே கூட்டுக்குப் போகாது. தள்ளிப்போய் இறங்கி, எதையோ கொத்துவதுபோல் நின்று, வாலை ஆட்டி ஆட்டிச் சுற்றி வரும். அதைக் கண்டுபிடித்தது மகள்தான். "பொய்க்கு மேயுது," என்றாள். என் முழங்காலில் ஒரு தும்பி வந்து இருந்தது. அது தானாகப் பறக்கும்வரை நான் அசையவில்லை.

பக்கத்து வயல்காரர்கள் நக்கலடித்தார்கள். "தங்கச்சி, குஞ்சு பிறந்தா முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்கு எங்களுக்கும் சொல்லுவியோ?" என்று ஒருவர் கேட்டார். போனால் போகட்டும்.

உங்களிடமும் வந்து சொன்னேன். நீங்கள் வந்து, குனிந்து, என் மகளோடு சேர்ந்து விரல் விட்டு எண்ணினீர்கள். பற்றை தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கிறது, தண்ணீரை மறிக்காது, குஞ்சு பொரிக்கும்வரை கிடக்கட்டும் என்றீர்கள்.

வேறு யாரும் தெரியாமல் வெட்டிவிடக் கூடாது என்று ஒரு தடியில் சிவப்புத் துணி கட்டிப் பற்றையில் நட்டேன். அது என் பிழை. எங்கள் மண்ணில் சிவப்புக் கட்டினால் மிதிவெடி என்றுதான் அர்த்தம். அது தெரியாதவளா நான்? அடுத்த நாள் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுப்பாதையால் போனார்கள். வயல்காரர் இரண்டு பேர் தங்கள் வாய்க்கால் பங்கில் இறங்க மாட்டோம் என்றார்கள். கதை சங்கக்கடை வரைக்கும் போனது.

நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கலாம். அந்தத் தடியைப் பிடுங்கி எறிந்திருந்தாலே போதும். பற்றையை அடியோடு வழித்துவிட்டீர்கள்.

பின்னேரம் போனபோது உடைந்த முட்டைக் கோது மட்டும்தான் கிடந்தது. கானாங்கோழி கரையில் அங்குமிங்கும் நடந்தது. மகள் அழவில்லை. கொஞ்ச நேரம் குந்தியிருந்து பார்த்தாள்.

"அந்த மாமா எண்ணிப் பாத்தவர்தானே?" என்று கேட்டாள்.

உங்கள் வீட்டுக்கு வந்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சனம் வெடியெண்டு பயந்து நிக்குது, வெட்டினன். உள்ளுக்கை என்ன கிடந்ததெண்டு எனக்கென்ன தெரியும்?" என்றீர்கள்.

வெட்டியதைக்கூட விட்டுவிடுவேன். பொய்யை விட மாட்டேன். தான் கண்ணால் கண்டது உண்மைதானா என்று இப்போது அவள் என்னைக் கேட்கிறாள்.

தண்ணீர் திறக்கும் கூட்டத்துக்கு எல்லாக் கமக்காரரும் வருவார்கள். மகளையும் கூட்டி வருவேன். அத்தனை பேருக்கும் முன்னால் எழும்பி நின்று சொல்லுங்கள்: அன்றைக்கு நீங்கள் எத்தனை முட்டை எண்ணினீர்கள்?