பயனாளி மட்டும் நிற்கவும்

அடுத்தவர் ஆசைக்கு, அரசாங்கம் நம்பும்படி முன்னுரை எழுதித் தருவது என் தொழில்.

வேங்கிக்காலில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே முருகேசனின் ஜெராக்ஸ் கடை. அதன் ஓரத்தில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், நான். தொழில் தொடங்கக் கடனும் மானியமும் கேட்கிறவர்கள் திட்ட அறிக்கை கொடுக்க வேண்டும். என்ன தொழில், எந்த இடம், என்ன மெஷின், யார் வாங்குவார்கள் என்பதையெல்லாம் நான் எழுதுகிறேன். கல்லூரியில் இலக்கியம் படித்தவள். கணவர் போன பிறகு, படித்தது இதற்குத்தான் உதவியது. என் வாக்கியங்களிலிருந்து இந்த மாவட்டத்தில் எத்தனையோ கோழிக்குஞ்சுகள் பொரிந்து வெளியே வந்திருக்கின்றன. ஒன்றுகூட என்னுடையது இல்லை. பக்கத்து வீட்டுப் புதுமனை விழாவில் மொய் எழுதிவிட்டு, பாயசம் நன்றாக இருந்ததற்கும் சேர்த்து வயிறு எரிந்து வீடு திரும்பியவர்களே, உங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வேன்?

தம்பி வண்டி வாங்கிவிட்டான்

செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். என்ன தொழில் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். தம்பி பாக்குமட்டைத் தட்டு மெஷின் போட்டிருக்கிறான் என்றார். சரி, நீங்கள்? தம்பி வண்டி வாங்கிவிட்டான் என்றார். உங்களுக்கு எந்த வேலை நன்றாகத் தெரியும் என்று மாற்றிக் கேட்டேன். நெல் தெரியும், கடலை தெரியும், தம்பியை நன்றாகத் தெரியும் என்றார்.

என் மேஜைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரைப் பொறாமைதான் பஸ் ஏற்றி அனுப்புகிறது. அதனால் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. உறவு மாதிரி இருந்தது. ஆட்டுப் பண்ணையா, கடலை உடைக்கும் மெஷினா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் மேஜையில் கை ஊன்றிக் குனிந்தார்.

"எதுவா இருந்தாலும் சரிங்கம்மா, அவனுக்கு வந்த மானியத்தவிட கொஞ்சமாவது ஜாஸ்தி வர்ற தொழிலா பார்த்து எழுதுங்க."

கஸ்தூரியின் செக்கு

கீழ்பென்னாத்தூர் கஸ்தூரிக்கு மரச்செக்கு எழுதிக் கொடுத்தேன். கடன் வந்தது, செக்கும் வந்தது. இந்தத் தொழிலில் ஒரு சடங்கு உண்டு. மெஷின் மாட்டியதும் வங்கியிலிருந்து அதிகாரி வந்து, மெஷினையும் பயனாளியையும் சேர்த்துப் போட்டோ எடுப்பார். கஸ்தூரி அதற்கு என்னையும் அழைத்திருந்தாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய், செக்கின் மறுபக்கம் நின்றேன். அதிகாரி போனைத் தாழ்த்தி, "நீங்க தள்ளிக்குங்கம்மா, பயனாளி மட்டும்" என்றார். பிண்ணாக்கு மூட்டைப் பக்கம் ஒதுங்கினேன்.

செக்கு சுற்றும்போது முனகுகிறது. வலியில் முனகுவது போல இல்லை, வேலை பிடித்துப்போனவர் தனக்குள் பாடுவது போல. அந்தச் சத்தம் எனக்குச் சொந்தமில்லையே என்று இருந்தது. கஸ்தூரி கொடுத்த எண்ணெயில் அன்றே அப்பளம் பொரித்தேன். கொஞ்சமாவது காறாதா என்று நாக்கு தேடியது. காறவில்லை. எண்ணெய் எப்படி என்று அவள் போனில் கேட்டாள். சுமார் என்றேன். சிரித்துவிட்டுச் சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் எழுதறீங்க, உங்களுக்குன்னு ஒண்ணு எழுதிக்கக் கூடாதாம்மா?"

முதல் கேள்வி

எழுதினேன். மாவு மில். வேங்கிக்காலில் புது வீடுகள் தெருத்தெருவாக முளைத்துவிட்டன. எங்கள் பக்கம் மில் மட்டும் இல்லை. மிளகாய், மல்லி அரைக்கப் பெண்கள் டின்னைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போகிறார்கள். எங்கள் வீட்டு முன்பக்கத்து அறை சும்மா கிடக்கிறது. யாருக்கும் எழுதாத அழகோடு எனக்கு எழுதிக்கொண்டேன். இந்த வயதில் என் பெயரில் ஒன்று ஓட வேண்டும், அவ்வளவுதான்.

வருகிறவர்களிடம் என் முதல் கேள்வி எப்போதும் வயதுதான். வரம்பு தாண்டியவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னிடம் மட்டும் கேட்க மறந்துவிட்டேன். அலுவலகத்தில் இருந்த பெண் என் ஆதாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கடை வாசலில் மலை தெரிந்தது. அதற்கும்தான் வயதாகிறது, அதை யாரும் கேட்பதில்லை. முருகேசன் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு வந்தான்.

"மருமக பேர்ல போடுங்கம்மா. கையெழுத்து அவங்களுது, மில்லு உங்களுது."

ரேவதி சொன்ன பதில்

மருமகள் ரேவதி மறுப்புச் சொல்லவில்லை. நேர்காணலுக்கு அவளைத் தயார் செய்தேன். 'ஏன் இந்தத் தொழில்?' என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் எழுதி, ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் கொடுத்தேன். "பெருகிவரும் குடியிருப்புகளின் அன்றாடத் தேவையை" என்று தொடங்கும். காய் நறுக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேர்காணல் அன்று நான் வராந்தாவில் காத்திருந்தேன். உள்ளே சிரிப்பு கேட்டது. நான் எழுதிய பதிலில் சிரிக்க எதுவும் இல்லை. வெளியே வந்தவளிடம் என்ன சொன்னாய் என்றேன். அரைத்த மிளகாய்த்தூளை ஸ்கூட்டியில் வைத்து வருகிற வழியில் மூடி திறந்துகொண்டதாம். கண் எரிந்து, வண்டியை நிறுத்தி நடுரோட்டில் நின்று அழுதாளாம். வழியில் போனவர்கள் மாமியார் கொடுமையா என்று விசாரித்தார்களாம். எங்கள் தெருவிலேயே மில் இருந்தால் எங்கள் அத்தைக்குக் கெட்ட பெயர் வராது என்று சொன்னாளாம். அதிகாரிகள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்களாம். மில் கிடைத்த சந்தோஷத்துக்கு முன்னால், அந்த வாக்கியம் எனக்கு வரவில்லையே என்ற எண்ணம்தான் வந்தது.

"நீங்க எழுதிக் குடுத்தது நல்லாதான் இருந்துச்சு அத்தை, ஆனா அது பேசற மாதிரி இல்ல."

மில் ஓடியது

முன்பக்கத்து அறையில் மில் வந்து இறங்கியது. நான்தான் சந்தனம் வைத்தேன், நான்தான் குங்குமம் வைத்தேன். போட்டோ எடுக்க அதிகாரி வந்தார். ரேவதி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் போனைத் தாழ்த்தினார். அவர் வாய் திறப்பதற்குள் நானே தள்ளிக்கொண்டேன். ரேவதி, "அத்தையும் நிக்கட்டுமே சார்" என்றாள். "ரூல்ஸ்மா" என்றார். என் வீட்டு அறையில், நான் எழுதிய மில்லின் பக்கத்தில், அவள் அழகாகத்தான் நின்றாள். அதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சுவிட்சைப் போட்டாள். மில் ஒரே சீராக இரைந்தது. மிளகாய் விழுந்ததும் சுருதி ஒரு படி இறங்கி, மறுபடி ஏறியது. தெருவே தும்மியது. முதலில் டின்னோடு வந்தவள் பின்தெரு மல்லிகா. ரேவதியை "ஓனரம்மா" என்று கூப்பிட்டாள். தூள் சூடாக விழுவதையும் பின்னால் இன்னும் நான்கு பேர் டின்னோடு நிற்பதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல என் பக்கம் ஒதுங்கி வந்தாள்.

"நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? எனக்கும் இதே மாதிரி ஒரு மில்லு எழுதுங்கம்மா, எங்க தெருவுல போட்டுக்கறேன்."

வழக்கம்போல முதல் கேள்வியாக வயதைத்தான் கேட்டேன். வரம்புக்கு உள்ளேதான் இருக்கிறாள், பாவி.