ருசியான தண்ணீருக்குப் பூட்டு

ஒரகடத்தில் அந்த ஆண்கள் விடுதியின் தண்ணீர் அறை சசிகலாவின் ராஜ்ஜியம். மணிமங்கலத்துக்காரர். கம்பெனி லைனில் வருஷக்கணக்காக ரப்பர் வளையங்களில் கீறல் தேடி உற்று உற்றுப் பார்த்ததில் கண் மங்கியது. கம்பெனி கைகுலுக்கி அனுப்பிவிட்டது. இப்போது பையன்களின் வயிற்றைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பையன்கள் வைத்த பெயர் 'குளோரின் அக்கா'. அவர் காதிலும் விழும். "வாசனையான பேருதான்" என்பார்.

அங்கே தண்ணீர் இரண்டு வழியில் வரும். ஒன்று, லாரியில் வரும் ஏரித் தண்ணீர், இனிக்கும். அதில் குளோரின் கலந்து, தெளியவைத்துக் குழாயில் விடுவார். இன்னொன்று போர் தண்ணீர். வாயில் வைத்தால் கருவாடு கழுவியது போல இருக்கும். அதை ஆர்.ஓ. மெஷின் அழுத்திப் பிழியும். உள்ளே இருக்கும் சவ்வு உப்பை அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, தண்ணீரை மட்டும் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் விடும். சுத்தம்தான், ஆனால் ருசி கிடையாது. தெற்கத்திப் பையன்களுக்கு ஏரித் தண்ணீர்தான் உயிர். அதிலும் நயினாருக்குத் தாமிரபரணி குடித்து வளர்ந்த நாக்கு.

விடாமல் பெய்த மழைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, சசிகலா ஏரித் தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார். ஆர்.ஓ. முன்னால் ரேஷன் கடை வரிசை. ஷிப்ட் முடிந்து வந்த நயினாருக்குத் தொண்டை காய்ந்தது. மனசில் திங்கட்கிழமை வேறு உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் வேலை நிரந்தரமாவதற்கான தேர்வு. கோட்டை விட்டால் மூட்டை கட்டி ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். விடுதிக்கே இது தெரியும்.

"யக்கா, நல்ல தண்ணியப் பூட்டி வச்சிட்டு உப்புத் தண்ணிய ஊத்துதீயளே. யாருக்கு வித்திய?"

"உன் மாமியாருக்கு. லைன்ல நில்றா."

நிற்பானா? மாடி ஏறி, ஏரித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கி, பாட்டிலை முக்கி எடுத்தான். கண்ணாடி மாதிரித் தண்ணீர். கீழே வந்து, வரிசையைப் பார்த்து இளித்துக்கொண்டே வாயருகே கொண்டுபோனான். சசிகலா பாய்ந்து ஒரு தட்டுத் தட்டினார். பாதித் தண்ணீர் அவன் சட்டைக்குப் போனது.

"கிறுக்குப் புடிச்சிட்டா யக்கா ஒங்களுக்கு?"

மிச்சத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அதில் மருந்தைச் சொட்டவிட்டார் சசிகலா. "குளோரின் இருந்தா மஞ்சளாவும். பாரு."

தண்ணீர் நிறம் மாறவேயில்லை.

"தெளிவாத்தான கெடக்கு?"

"சேறு அடில குந்திகிச்சு, அதான் தெளிவு. போட்ட குளோரின அந்தச் சேறே துன்னுட்ச்சு. கிருமிய சாவடிக்க இன்னா மிச்சம் கீது? மழைல எவன் வூட்டு சாக்கடை ஏரில கலந்துச்சோ! தொட்டி கழுவி, வேற தண்ணி வந்து, இது மஞ்சளாவற வரைக்கும் பூட்டுதான். திங்கக்கெழம கக்கூஸ்ல குந்திகினு பரீட்சை எழுதப் போறியா?"

வரிசை சிரித்தது. நயினாரின் முகம் சுருங்கியது. சசிகலா தன் சாப்பாட்டுக் கூடையிலிருந்த ஆர்.ஓ. தண்ணீர் பாட்டிலை அவன் கையில் திணித்தார். "குடி. ருசி வோணும்னா எலுமிச்சம்பழம் புழி."

திங்கட்கிழமை தேர்வு அறையில் அவனுக்கு இரண்டு பக்கமும் பெஞ்சு காலி. அடுத்த தெரு விடுதிப் பையன்களின் இடம் அது. அவர்கள் குடித்ததும் அதே ஏரித் தண்ணீர். அங்கே பூட்டுப் போட ஆளில்லை. எல்லாருக்கும் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுகிறதாம். சூப்பர்வைசர்தான் சொன்னார். பாட்டிலைத் தட்டிவிட்ட அந்தக் கைக்கு நயினார் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுதத் தொடங்கினான்.

சாயங்காலம் தண்ணீர் அறை வாசலில் வந்து நின்றான். நன்றி சொல்லியெல்லாம் அவனுக்குப் பழக்கமில்லை.

"எழுதிட்டேன் யக்கா."

"வயிறு?"

"கல்லு மாதிரி கெடக்கு."

"அது போதும். பாஸு, ஃபெயிலு உன் மூளை பாடு. என் டிபார்ட்மெண்ட்டு வயிறுதான்."

சிரித்தான். சிரித்த வாய் பாதியில் கோணிக்கொண்டது. "யக்கா, அந்த ஹாஸ்டல் பயலுவளுக்கு ரெண்டு கேன் தண்ணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போவட்டா?"

சசிகலா ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பி வைத்திருந்த கேன்களை அவன் பக்கம் நகர்த்தினார்.

"தூக்கிகினு போ. மொதல்ல கைய கழுவு."