மாப்பிள்ளை வண்டியின் போல்ட்

எங்கள் வழக்கத்தில் கல்யாணமான பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். என் மச்சானும் அப்படித்தான் வந்தார். கணவரை நாங்கள் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். வந்தபோது அவர் கொண்டுவந்தது ஒரு துணிப்பெட்டியும் ஒரு மோட்டார் பைக்கும். கட்டில், பீரோ, ஏசி, அவர் உட்காரும் நாற்காலி வரை மற்றதெல்லாம் என் வாப்பா வாங்கிப் போட்டவை. பைக் மட்டும் அவர் சம்பளத்தில், கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது.

கல்யாணமான மறு வருஷமே அவர் வளைகுடாவில் ஒரு கடை வேலைக்குப் போய்விட்டார். பைக் எங்கள் வீட்டுச் சந்தில் நின்றது. காரைக்கால் கடல் காற்றுக்கு இரும்பென்றால் அல்வா. இந்த மழைக்காலம் முடிந்து பார்த்தால், எத்தனை உதை உதைத்தும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

“மாப்பிள்ளை லீவுக்கு வர்றதுக்குள்ள ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடலாம்மா. வந்ததும் நானே புதுசு வாங்கிக் கொடுத்துடுறேன்” என்றார் வாப்பா. தங்கமான மனுஷர், ஆசையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்த வண்டியும் போனால் இந்த வீட்டில் மச்சானுடையது என்று சொல்ல அவருடைய செருப்பைத் தவிர வேறென்ன இருக்கும்?

மெக்கானிக்கிடம் விடலாம் என்றால் மச்சான் சம்மதிக்கவில்லை. கண்டவர்களும் அவர் வண்டியில் கைவைக்கக் கூடாதாம். நான் வைக்கலாமாம். பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகியிருக்கும், கழற்றிச் சுத்தம் செய்தால் போதும், நான் வீடியோவில் சொல்லித் தருகிறேன் என்றார். ஸ்பானரையும் தோசைக் கரண்டியையும் ஒன்றாகப் பிடிக்கிறவளிடம் இப்படி ஒரு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கூப்பிட்டார். போனைக் கவிழ்த்த வாளிமேல் சாய்த்து வைத்துவிட்டு, சந்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். கார்புரேட்டரை எஞ்சினோடு பிடித்திருப்பவை இரண்டு போல்ட்டுகள். வெளிப்பக்கத்தது சமர்த்தாக வந்துவிட்டது. இன்னொன்று உள்பக்கம் ஒளிந்திருந்தது. கையை வளைத்துத்தான் ஸ்பானரையே வைக்க முடிந்தது. அந்தக் கோணத்தில் எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்குக் குழம்பிவிட்டது.

“என் கையைப் பாரு. நான் எப்படித் திருப்புறேனோ அப்படியே திருப்பு” என்றார். போனில் அவர் கை சுற்றியது. நானும் அதே மாதிரி சுற்றினேன். அசையவில்லை.

“பலமா இழு புள்ள. சாப்பிட்டியா இல்லியா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தேன். ‘டிக்’ என்றது.

“வந்துடுச்சு மச்சான்!”

“அல்ஹம்துலில்லாஹ்! எங்க, காட்டு.”

காட்டினேன். ஸ்பானருக்குள் போல்ட்டின் தலை மட்டும் இருந்தது.

அவ்வளவுதான், சண்டை ஆரம்பித்தது. இடது பக்கம்தான் காட்டினேன் என்றார் அவர். வலது பக்கம்தான் காட்டினீர்கள் என்றேன் நான். இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறை. சண்டை முற்றிய பிறகுதான் எனக்கு உறைத்தது: எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், அவருக்கு இடமாகத் திரும்புவது எனக்கு வலமாகத்தானே தெரியும்! கழற்றுகிறேன் என்று அத்தனை பலத்தையும் போட்டு இறுக்கியிருக்கிறேன்.

“திரும்பி உட்காருங்க மச்சான், எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. இப்ப கையைச் சுத்துங்க.”

உட்கார்ந்தார். தோளுக்கு மேல் கையைத் தூக்கிச் சுற்றினார். சரியாக இருந்தது. அவருடைய அறையில் இருந்த ஒருவர் “என்னங்க பாய், வீட்ல சண்டையா?” என்று விசாரிப்பது கேட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சத்தம் கேட்டு வாப்பா எட்டிப் பார்த்தார். “உடைஞ்சுடுச்சா? விடும்மா, இரும்புக்காரரைக் கூப்பிட்டுக்கலாம்.”

மச்சான் உடனே, “வாப்பா சொல்றதுதான் சரி” என்றார். இந்த வீட்டில் அவர் எப்போதும் சொல்வது இதுதான். சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் அவருக்குச் சரிதான். எனக்கு வந்த கோபத்தில் அந்த போல்ட்டைப் பல்லாலேயே பிடுங்கியிருப்பேன்.

“ஒண்ணும் சரியில்ல. நீங்க முதுகைக் காட்டிக்கிட்டே இருங்க” என்றேன்.

தலை போனதிலும் ஒரு நன்மை இருந்தது. கார்புரேட்டர் தானாகக் கழன்று வந்தது. மிச்ச போல்ட் எஞ்சினிலிருந்து விரல் நுனியளவு நீட்டிக்கொண்டு நின்றது. துருவை இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டேன். பக்கத்து வீட்டில், கவ்வினால் விடாத ஒரு குறடு இரவல் கிடைத்தது. பிடித்துத் திருப்பினால் வழுக்கியது. அப்போதுதான் ஊறுகாய் பாட்டில் நினைவுக்கு வந்தது. மூடி இறுகிக்கொண்டால் வெந்நீரில் காட்டித்தானே திறக்கிறோம்? கொதிக்கும் நீரில் துணியை முக்கி, போல்ட்டைச் சுற்றி ஒத்தடம் கொடுத்தேன்.

“எஞ்சினுக்கு என்ன சளியா பிடிச்சிருக்கு?” என்று திரும்பிப் பார்த்தார் மச்சான்.

“திரும்பாதீங்க!”

கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று ஆட்டினேன். அடிமேல் அடிவைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், இது நகரவில்லை. மறுபடி ஒத்தடம், மறுபடி ஆட்டம். திடீரென்று ஒரு முனகல் கேட்டது. குறடு இடப்பக்கமாக ஒரு மயிரிழை நகர்ந்தது. அப்புறம் இன்னொன்று. துருப்பிடித்த அந்தத் துண்டு முழுசாக என் உள்ளங்கையில் விழுந்தபோது கண் கலங்கிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, புது போல்ட் போட்டு மாட்டி, புது பெட்ரோலும் ஊற்றிவிட்டேன். மச்சான் கூப்பிட்டதும் போனை வண்டிப் பக்கம் காட்டி உதைத்தேன். ஏழெட்டு உதைக்குப் பிறகு வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. சந்தெல்லாம் புகை. அணைக்கப் போனேன்; “இரு, கொஞ்சம் ஓடட்டும்” என்றார்.

வாப்பா வாசலில் வந்து நின்றார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “அஸர் தொழுதுட்டு போலகம் வரைக்கும் போகணும். வண்டியை எடுத்துக்கலாமான்னு மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேளும்மா” என்றார்.

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை, போனிலேயே கேட்டிருந்தது. மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எடுத்துக்கச் சொல்லு. ஆனா மெதுவா ஓட்டணும்னு நான் சொன்னேன்னு சொல்லு.”

“சரிங்க மாப்பிள்ளை” என்றார் வாப்பா.