நான் மறைத்து வைத்திருந்த நரேஷன்

திண்டிவனத்தில் ஒருவர் பில் போட்டால் விழுப்புரத்தில் என் மேசைமேல் கிடக்கும் போன் அடுத்த நொடியே டிங் என்று சத்தம் போடும் என்று மென்பொருள் கம்பெனிக்காரர் சொன்னபோது நான் நம்பவில்லை. அங்கே போடுகிற பில் எனக்குத் தெரிய வேண்டுமானால் யாராவது எனக்கு போன் பண்ண வேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் நான் போன் பண்ணிக் கத்த வேண்டும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

எங்களுடையது மோட்டார், பைப், சொட்டுநீர்ச் சாமான் விற்கிற கடை. பெரிய கடை விழுப்புரத்தில், கிளை திண்டிவனத்தில். இரண்டுக்கும் ஒரே கணக்கு மென்பொருள். ஊழியர்கள் பேசிக்கொள்வதற்கென்று போன வருடம் முதலாளி தனியாக ஓர் ஆபீஸ் சாட் வாங்கிப் போட்டார். வாட்ஸப் குழுவில் ஸ்டாக் கேட்டால் நடுவில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்து விழுகிறது என்று அவருக்கு எரிச்சல். அந்தச் சாட்டோடு கணக்கை இணைத்துவிட்டால் பில், வசூல், பாக்கி எல்லாம் அவரவர் போனுக்கே போய்விடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இணைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

கூடவே ஒரு கேள்வியும் வந்தது.

"இது வந்துட்டா திண்டிவனத்துல தனியா ஒரு அக்கவுண்டன்ட் எதுக்குங்க? நீங்களே இங்கருந்து பாத்துக்க மாட்டீங்களா?" என்றார் முதலாளி.

திண்டிவனம் அக்கவுண்டன்டும் விழுப்புரம் அக்கவுண்டன்டான நானும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். நேரில் பார்ப்பது ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை. மற்ற நாளெல்லாம் போனில் சண்டை. சண்டைக்கு எப்போதும் ஒரே காரணம், நரேஷன். கணக்கில் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். இது எதற்கான பதிவு என்று ஒரு வரி எழுதி வைக்கிற இடம். நான் 'பைப் விற்பனை' என்று எழுதுவேன். பாதி நாள் அதுவும் எழுத மாட்டேன். அவர் பத்தி பத்தியாக எழுதுவார். அச்செடுத்தால் நாலு பக்கம் வர வேண்டிய ரிப்போர்ட் பதினொரு பக்கத்துக்கு ஓடும்.

"சார், நரேஷன்ல கதை எழுதாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"கதை இல்லீங்க மேடம், குறிப்பு."

"பேப்பரு உங்க வீட்லருந்தா வருது?"

அவர் அடுத்த நாளும் எழுதுவார். ஒரு நாள் எனக்குக் கோபம் தலைக்கேறி, என் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டமே தெரியாதபடி செய்துவிட்டேன். ஒரு டிக்கை எடுத்தால் போதும். அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். "இனிமே நீங்க எழுதுறத யாரும் படிக்கப் போறதில்ல சார்." அன்றிலிருந்து ஏழு வருடம் அவர் எழுதியதில் ஒரு வரிகூட என் கண்ணில் பட்டதில்லை.

அதனால் முதலாளி கேட்டதும், "தேவைப்படாதுங்க சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "மூணு வருஷம் முன்னாடி மயிலம் பார்ட்டியோட ரசீதை அதே பேரு இருக்கற இன்னொருத்தர் கணக்குல போட்டு பேஜாரு பண்ணாரே, ஞாபகம் இருக்குதுங்களா?" என்று சேர்த்துக்கொண்டேன்.

முதலாளிக்கு ஞாபகம் இருந்தது. பணம் கட்டிய மனிதருக்கு நோட்டீஸ் போய், அவர் கடைக்கு வந்து சத்தம் போட்டதை யாரால் மறக்க முடியும்? "மாசக் கடைசியில சொல்லி அனுப்பிடலாம்" என்றார். திண்டிவனத்துக்காரருக்கு இரண்டு பெண்கள் கல்லூரியில் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இணைத்தேன். முதலாளி வளவனூருக்கு ஒரு போர்வெல் வேலையைப் பார்க்கப் போயிருந்தார். முதலில் சோதனை. திண்டிவனத்துக்கு போன் போட்டு, "சார், சும்மா ஒரு பில்லு போடுங்க" என்றேன். "ஒரே ஒரு எல்போ போடறங்க மேடம்" என்றார். அவர் 'போட்டுட்டேன்' என்று சொல்லி முடிப்பதற்குள் என் போன் ஒலித்தது. பைப் வளைவில் மாட்டுகிற எல்போ, அரை இஞ்ச், ஒன்று. கவுன்டரில் இருந்தவர்கள் போன்களும் வரிசையாக ஒலித்தன. நான் சிரித்துவிட்டேன். நாற்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் ஒரு சாவியைத் தட்ட, இங்கே ஏழு பேர் சட்டைப்பையில் சத்தம் வருகிறது. இத்தனை வருடம் கணக்கு எழுதியும் இப்படி ஒன்றைப் பார்த்து வாய்பிளப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு நிஜ இணைப்பு. எந்தக் கிளை என்று கேட்டது, திண்டிவனம் என்று கொடுத்தேன். என்னென்ன அனுப்ப வேண்டும் என்று கேட்டது, எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டது. கணக்கு எழுதுகிற நாங்கள் தேதியை அடிப்பதில்லை. காலியாக விட்டு என்டர் தட்டினால் அன்றைய தேதி தானாக விழும். விரலுக்கு அப்படித்தான் பழக்கம். காலியாக விட்டு என்டர் தட்டினேன். இந்த இணைப்புப் பக்கத்தில் காலி என்றால் ஆரம்பத்திலிருந்து என்று அர்த்தமாம். யார் கண்டார்கள்?

போன் ஒலித்தது. நிற்கவில்லை. இன்னும் பாக்கி தீராத திண்டிவனத்துக் கணக்குகள், பழைய திருத்தப் பதிவுகள் அத்தனையும், ஒவ்வொன்றின் கீழும் அவர் எழுதிய நரேஷனோடு, ஆபீஸ் சாட் குழுவில் வந்து கொட்டிக்கொண்டிருந்தன. நான் பதறி இணைப்பை நிறுத்துவதற்குள் நானூறுக்கு மேல் வந்துவிட்டன. கவுன்டரில் சத்தமே இல்லை. ஏன் என்று நிமிர்ந்து பார்த்தால், எல்லோரும் நின்றபடி படித்துக்கொண்டிருந்தார்கள். நானும் படித்தேன்.

'மோட்டாரை மேல ஏத்தி வீட்ல வெச்சிருக்காரு. கிணத்துல தண்ணி இல்ல. மழை வந்தப்புறம் கேக்கலாம்.'

'போன்ல கேட்டா எடுக்க மாட்டாரு, கூச்சம். நேர்ல போனா பாதி குடுப்பாரு.'

'மல்லாட்டை புடுங்கியாச்சு. வெலை இல்ல. பத்து நாள் வெச்சிருந்து விக்கச் சொன்னது நான்தான். அதனால பத்து நாள் நான் கேக்கக் கூடாது.'

'பில்லு வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவரு இப்ப இல்ல. பேரை மாத்தச் சொல்லி அந்தம்மா கேக்கல. நானும் மாத்தல.'

எனக்கு அந்தப் பெயர்கள் எல்லாமே தெரியும். மாதா மாதம் பாக்கிப் பட்டியலில் நான் தட்டி அனுப்பிய பெயர்கள்தான். எனக்கு அவை முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள். அவருக்கு ஒவ்வொன்றும் ஒரு கிணறு, ஒரு கடலைக் கொல்லை, ஒரு வீட்டு வாசல். ஒலக்கூரிலிருந்து மரக்காணம் வரைக்கும் யார் நிலத்தில் எத்தனை அடியில் தண்ணீர், யார் வீட்டில் என்ன கவலை என்று ஒரு மனிதர் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். அதுவும், யாரும் படிக்கப் போவதில்லை என்று நான் சொன்ன பிறகு. கோயிலுக்குள் போனால் பேச்சு தானாகத் தாழ்ந்துபோகுமே, அப்படித்தான் இருந்தது எங்கள் கடை.

போன் வந்தது. திண்டிவனம்தான். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"மேடம், இன்னா பண்ணிட்டீங்க? அதுல ஒரு அம்மாவோட மாத்திரை சமாச்சாரம் இருக்குது. அவங்க வீட்டுலயே யாருக்கும் தெரியாது. அங்க இருக்கற லோடுமேனு அவங்க தெருக்காரருங்க. ஜல்தி அழிங்க."

"அழிக்கிறேன் சார். ஒண்ணு ஒண்ணாத்தான் அழிக்க முடியும்."

"ஒண்ணு ஒண்ணா அழிங்க. மாத்திரைன்னு தேடி அத்த மொதல்ல அழிங்க."

அதை முதலில் அழித்தேன். கவுன்டருக்கு எழுந்து போய், "யாரும் இத்தப் பத்தி வெளில பேசக் கூடாது" என்றேன். என்னை முறைத்துப் பார்க்கிற வழக்கமுள்ள லோடுமேன் அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினார். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு லாரிப் பக்கம் போய்விட்டார்.

பிறகு உட்கார்ந்து அழித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கேட்டது. ஒவ்வொன்றையும் படித்த பிறகுதான் 'ஆம்' தட்டினேன். ஏழு வருடம் படிக்காததற்கு அந்த ஒரு மத்தியானம் போதவே போதாது.

முக்கால்வாசி முடிந்திருக்கும். மயிலம் பார்ட்டியின் பெயர் வந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய திருத்தப் பதிவு அது. அதன் கீழே இருந்தது:

'ரசீதை மாத்திப் போட்டது விழுப்புரம் மேடம். அப்பா காரியம் முடிஞ்சி வேலைக்கு வந்த மொத நாள் போட்டிருக்காங்க. இங்க திருத்தியாச்சு. முதலாளி கேட்டாரு. என் தப்புன்னு சொல்லிட்டேன். மேடத்துக்குத் தெரிய வேணாம்.'

அப்போது இரண்டு கடைக்கும் ஒரே லாகின். யார் போட்டது என்று கணக்கில் தெரியாது. அவர் தன் தப்பு என்றார், நானும் நம்பினேன். நம்பியது மட்டுமா? அன்றைக்கு போனில் அவரைக் கால் மணி நேரம் திட்டியிருக்கிறேன். அவர், "சரிங்க மேடம், இனிமே பாத்துப் போடறேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மனிதர்கள் இப்படியும் இருப்பார்களா என்று நினைக்க நினைக்க ஆச்சரியமும் அவமானமும் மாறி மாறி வந்தன.

'நிச்சயமாக அழிக்கவா?' என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. 'இல்லை' என்று தட்டிவிட்டு, மீதி எல்லாவற்றையும் அழித்தேன்.

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். அவரும் வழியில் காரை ஓரம் நிறுத்திக் கொஞ்சம் படித்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்ததும், "திண்டிவனத்துக்கு ஆளு வேணாம்னுதான சொன்னீங்க?" என்று கேட்டார்.

"நான் சொன்னது தப்புங்க சார். அவரு இருக்கணும்."

"குறிப்பெல்லாம் நல்லாத்தான் எழுதறாரு, இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த ரசீது விஷயம் இருக்குதே. நீங்கதான ஞாபகப்படுத்துனீங்க?"

என் போனை அவர் முன்னால் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். நாலு வரிதான். வெகுநேரம் படித்தார். பிறகு போனை மெதுவாக மேசைமேல் என் பக்கம் தள்ளினார்.

"மத்ததெல்லாம் அழிச்சிட்டீங்க இல்ல, இத்தையும் அழிச்சிடுங்கம்மா" என்றார். பதினாறு வருடத்தில் அவர் என்னை அம்மா என்று கூப்பிட்டது அன்றுதான்.

"இல்லீங்க சார், இது இருக்கட்டும்" என்றேன்.

இணைப்பு இப்போது ஒழுங்காக ஓடுகிறது. நரேஷன் குழுவுக்குப் போவதில்லை. அந்த டிக்கை அங்கே எடுத்துவிட்டு, என் கம்ப்யூட்டரில் திரும்பப் போட்டிருக்கிறேன். திண்டிவனத்துக்காரர் இன்னும் பத்தி பத்தியாக எழுதுகிறார், ரிப்போர்ட் பதினொரு பக்கம் வருகிறது, நான் பதினொரு பக்கமும் படிக்கிறேன். குழுவில் அந்தத் திங்கட்கிழமைக்குப் போய்ப் பார்த்தால் இரண்டே செய்திகள் இருக்கும். ஒன்று, அரை இஞ்ச் எல்போ. இன்னொன்று, நான் அழிக்காமல் விட்டது.