அண்ணன் உழாமல் விட்ட மேட்டு நிலம்

கடந்த ஆண்டு ஆனி மாதம் 22ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அண்ணனின் கருமாதிக்கு முந்தின நாள். விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்தேன். அண்ணி மாட்டைக் கறந்து, கன்றை அவிழ்த்து விட்டார். வாடகைக்கு எடுத்த அண்டாக்களையும் பந்திப் பாய்களையும் சரிபார்த்து ஓரமாக அடுக்கினேன். மதிய பஸ்ஸில் ஒடுகத்தூரிலிருந்து காய்கறி மூட்டை வந்தது. பூசணியில் ஒன்று அடிபட்டிருந்தது. அதை அன்றைய குழம்புக்கு எடுத்துக்கொண்டோம். மாலையில் தூறல். என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவும் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: "விடிந்தால் ஏர் வரும். என்ன செய்வது?"

இந்த நினைவு மலரைப் பெறுகிறவர்களில் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் இருக்கும் நண்பர்களும் இருப்பதால் அதை விளக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பங்காளிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. நிலமுள்ள ஒருவர் இறந்தால், கருமாதி அன்று காலை பங்காளிகள் தங்கள் மாடுகளை ஓட்டி வந்து, இறந்தவரின் நிலம் முழுவதிலும் ஒரு தடவை ஏர் ஓட்டுவார்கள். விதைக்க மாட்டார்கள். ஆள் போனாலும் நிலத்துக்கு ஆள் இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுவதுதான் அது. அதன் பிறகுதான் குளியல், படையல், சாப்பாடு எல்லாம். ஆனால் அண்ணனின் நிலத்தில் மேல்பாதியில் ஏர் படக்கூடாது. பட்டால் அண்ணியின் பிழைப்பு போய்விடும். எங்கள் கவலை முழுவதும் அதுதான்.

அண்ணன் பிறந்தது இந்த மலையில், இதே வீட்டில். அப்பா இறந்தபோது அவருக்கு மீசை கூட முளைக்கவில்லை. நான் கைக்குழந்தை. அம்மாவையும் என்னையும் விட்டுவிட்டு, பல ஆண்டுகள் குடகுக்கு மிளகு பறிக்கப் போய்வந்தார். என்னைக் கீழே உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்தவர் அவர்தான். விடுமுறை முடிந்து திரும்பும்போது என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை நடந்து வருவார். வழியெல்லாம் பேச மாட்டார். பஸ் கிளம்பும்போது மட்டும், "அழுவாத. அழுதா வாந்தி வரும்" என்பார். எனக்கு ஒடுகத்தூரில் வேலையும் கல்யாணமும் அமைந்த பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்தார். அண்ணிக்கும் அவருக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

ஊர் திரும்பியபின் சாமை விதைத்தார். நிலத்தின் மேல்பாதி ஓடையை ஒட்டிய மேடு. பலாப் பழுக்கும் காலத்தில் கரடி இறங்கும். கதிர் முற்றினால் காட்டுப்பன்றி வரும். பரண் கட்டித் தகரம் தட்டியே அவருக்குப் பல இரவுகள் போயின. ஒருமுறை பரணிலிருந்து இறங்கும்போது விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. அந்தக் கை பிறகு தலைக்கு மேல் எழவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அறக்கட்டளையின் கள அலுவலர் ஊருக்கு வந்தார். வயதில் இளைய பெண். காட்டு விலங்குகளுக்காகத் தங்கள் சொந்த நிலத்தில் ஒரு பகுதியை விட்டுவைக்கும் பட்டாதாரர்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தருவதாகச் சொன்னார். அந்தப் பகுதியில் உழக்கூடாது, தீ வைக்கக்கூடாது, மாடு மேய்க்கக்கூடாது. குட்டை வெட்டவும் கன்று நடவும் தனியாகப் பணம் தருவார்கள். நிலம் உரியவர் பெயரிலேயே இருக்கும். ஒப்பந்தத்தை மீறி உழுதால் உதவி நின்றுவிடும்; அதுவரை வாங்கியதையும் திருப்பித் தர வேண்டும்.

ஊரில் யாரும் முன்வரவில்லை. அண்ணன் நெடுநாள் யோசித்தார். ஒவ்வொரு ஞாயிறும் என்னைப் போனில் அழைத்து, அந்த ஒப்பந்தத் தாளில் நிலம் யார் பெயரில் இருப்பதாகப் போட்டிருக்கிறது என்று கேட்பார். சொல்வேன். அடுத்த ஞாயிறும் அதையே கேட்பார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். மேட்டில் குட்டை வெட்டி, நாவலும் அத்தியும் இலந்தையும் நட்டார். மற்றது தானாக முளைத்தது. மூன்றாம் ஆண்டில் உள்ளே ஆள் நுழைய முடியாத புதராகிவிட்டது. பன்றிகள் கீழே வருவது அடியோடு நிற்கவில்லை, குறைந்தது. அவர் மறுபடி பரண் ஏறவில்லை.

கேலிக்குக் குறைவில்லை. டீக்கடையில் அவரைப் பார்த்தால், "வாங்க, கரடிக்குப் பொண்ணு குடுத்த மாமனாரே, சீர் வரிசையெல்லாம் ஒயுங்கா வருதா?" என்பார்கள். அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே, "மாப்ள நல்லவரு. உங்கள மாதிரி ராத்திரில குடிச்சிட்டு வர்றதில்ல" என்பாராம். கேலியை அவர் தாங்கிக்கொண்டார். பயத்தைத்தான் தாங்க முடியவில்லை. சிறுநீரகம் பழுதாகி வேலூருக்கும் வீட்டுக்குமாக அலைந்த கடைசி மாதங்களில், மருந்துச் செலவில் பெரும்பகுதி அந்த உதவித்தொகையில்தான் நடந்தது. அப்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெலம் நம்ம பேர்லதான கீது?" என்று கேட்டார். அண்ணியிடம், மேட்டுக்குள் யாரும் அரிவாள் எடுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான்.

22ஆம் நாள் மாலை சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி, பங்காளிகளில் மூத்தவர், ஏரை முதலில் இறக்க வேண்டியவர் அவர்தான். காலையில் எத்தனை ஏர் வருகிறது என்று சொல்லத்தான் வந்தார். நான் ஒப்பந்தத்தைப் பற்றி விவரித்தேன். மேடு உழப்பட்டால் அண்ணியால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட முடியாது என்றேன். கீழ்ப்பாதியை மட்டும் உழுதால் போதாதா என்று கேட்டேன். பாதியை உழுதால் மீதியை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்றுதான் பொருள் என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் கண்களில் கோபமும் இல்லை, பயம்தான் இருந்தது.

"எங்க அப்பாரு ஒடம்புக்கு முடியாம ஒரு மழைக்கு ஏரு கட்டல. செத்தும் போய்ட்டாரு. நாங்க சின்னப் பசங்க, நெலம் சும்மா கெடந்துது. அளக்க வந்தவங்க காடுன்னு எழுதிக் கல்லு நட்டுட்டுப் போய்ட்டாங்க. இன்னா பண்ண முடிஞ்சிது? நீ படிச்சவ, எழுத்த நம்புவ. நான் அந்தக் கல்லப் பாத்தவன்மா."

அதுவரை அடுப்படியில் இருந்த அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மாமா, நீங்க சொல்றது பொய்னு சொல்லல. அவருக்கும் அதே பயம்தான். பயந்துகினேதான் வுட்டாரு. உயிரோட இருந்தப்ப அதுல ஒரு குச்சிய ஒடிக்கல. பதினாறு நாள் ஆவல, அதுக்குள்ள ஏர வுட்டுக் கலைக்கணுமா?"

"ஏரு ஓட்டாம சோத்துல கைய வைக்க மாட்டானுங்க பங்காளிங்க. அது தெரியுமா உனக்கு?"

"தெரியும். சமைச்சது மீந்தா மீந்துட்டுப் போவட்டும்."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "காலைல மாடு வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கள அலுவலரைப் போனில் அழைத்தேன். அவர் வருத்தப்பட்டார். வழக்கம் புரிகிறது, ஆனால் உள்ளே ஏர் இறங்கிவிட்டால் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றார். அதை அண்ணியிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுநாளைக்கான பருப்பை அளந்து வைத்தார். பந்தியில் ஆள்கள் உட்காருவார்களா என்று தெரியாமலே எல்லா அளவையும் போட்டோம்.

மறுநாளைப் பற்றி எழுதும் முன் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். வேலூருக்குப் போகும் நாள்களில் அழைத்த நேரத்தில் ஆட்டோவோடு வந்து நின்ற பக்கத்து வீட்டுத் தம்பிக்கு; மருத்துவமனையில் அண்ணனுக்குப் புரியும் சொற்களில் பேசிய செவிலியருக்கு; அண்ணி ஊரில் இல்லாத நாள்களில் கேட்காமலே மாட்டைக் கறந்து பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்கு; அண்ணன் கேட்ட ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் சலிக்காமல் பதில் சொன்ன கள அலுவலருக்கு; தோளில் அண்ணனைச் சுமந்த பங்காளிகள் அனைவருக்கும். உங்களில் சிலரோடு அந்தப் பதினாறு நாள்களில் மனம் கசந்திருந்தால், அது பகையால் அல்ல, பயத்தால். இரு பக்கமும் பயம்தான் இருந்தது.

23ஆம் நாள், திங்கட்கிழமை. விழித்தபோது அண்ணி பாயில் இல்லை. மேட்டுக்கு ஓடினேன். புதரின் விளிம்பில், ஈர மண்ணில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒன்றும் இல்லை. கீழே மாட்டு மணிச் சத்தம் கேட்டது. சித்தப்பா முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் மற்ற ஏர்கள் வந்தன. சாமை நிலத்தைக் கடந்து நேராக மேட்டுக்கே ஏறினார். அண்ணி எழுந்திருக்கவில்லை. அவருக்கு எதிரே மாடுகளை நிறுத்திவிட்டு, சித்தப்பா புதரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பின்வரிசையில் ஒருவர் இருமினார்.

"எங்கேர்ந்து எங்க வரைக்கும் அவன் வுட்டது?" என்று சித்தப்பா கேட்டார்.

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. எனக்கும்தான்.

"எழுந்து காட்டும்மா. அதச் சுத்தி ஓட்டிட்டு வர்றேன். உள்ள எவனும் இறங்க மாட்டான். சுத்தி உழுது கெடந்தா, ஆளு கீதுன்னு எவன் வந்தாலும் தெரியும்."

அண்ணி எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். ஓடைப் பக்கத்திலிருந்து புதரின் ஓரமாக நடக்கத் தொடங்கினார். அவர் கால் வைத்த இடத்திலேயே கலப்பையை இறக்கி, சித்தப்பா அவருக்குப் பின்னால் மாடுகளை ஓட்டினார்.