கீழே சுவர் இல்லாத வீடு

வீடு கட்டுவதற்கு முன் மூன்று விடயங்களைத் தீர்மானித்தேன். கீழே தூண்கள் மட்டும். கடல் வந்தால் அதை மறிக்க எதுவும் இருக்கக் கூடாது. மேலே செங்கல் வேண்டாம். சாகாமம் ஊர்ப் பக்கத்துக் கிறவல் மண்ணில் கொஞ்சம் சீமெந்து கலந்து, சுடாமல் அழுத்திச் செய்த கற்கள். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அவற்றின் துளைகளுக்குள் கம்பி இறக்கினால் புயலுக்கும் நிற்கும். மூன்றாவது, வளவைச் சுற்றி மதில் கிடையாது, தென்னோலைக் கிடுகு வேலிதான்.

கட்டடத் தொழில்நுட்பம் படித்தவள் என்பதால் மூன்றுக்கும் காரணம் சொல்ல என்னால் முடிந்தது. உம்மாவுக்குத்தான் அவை போதவில்லை.

அது எங்கள் பழைய வளவு. சுனாமியன்று வாப்பாவும் நானும் வயலுக்குப் போயிருந்தோம். வீட்டில் உம்மாவும் மூன்று வயதுத் தம்பியும். உம்மா பின்மதிலைப் பிடித்துக்கொண்டு தப்பினார். தம்பி கிடைக்கவேயில்லை. அந்த நேரத்தைப் பற்றி இதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. வாப்பா பின்னர் நோயில் மௌத்தானார். இனி அந்த வீட்டில் இருக்கப்போவது உம்மாவும் நானும்தான்.

தூண்கள் எழும்பியதும் உம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மேசன் காக்கா உடுத்திருந்த சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்தார்.

"ஒம்பது மினாரா எழும்பிட்டு தங்கச்சி. பள்ளி எப்ப?"

"மேல வருது காக்கா. நீங்க பாங்கு சொல்ல மோதினாருக்கு ஆள் பாருங்க."

உம்மா சிரிக்கவில்லை. ஒரு தூணை இரு கைகளாலும் அணைத்துப் பார்த்தார். பிடி கிடைக்கவில்லை.

"மகள், தண்ணி வந்தா நான் எதப் பிடிக்கிற?"

"மேல போயிருவம் உம்மா."

"அது நேரம் தந்திட்டா வந்த?"

சுவர் தண்ணீரை மறிப்பதால்தான் விழுகிறது, அக்கம்பக்கத்தில் மதில் விழுந்தே பலர் போனார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"என்ட மதில் விழல்ல. நீ இரி மகள். நான் இதுக்குள்ள வரமாட்டன்."

அவர் வராத வீடு எனக்கு எதற்கு? பின்பக்கம் ஒரு சுவரை வரைபடத்தில் போட்டுக் கணக்குப் பார்த்தேன். உறுதியாகக் கட்டினால் அது வெள்ளத்தின் முழுப் பாரத்தையும் தூண்களுக்குக் கொடுக்கும். உறுதியில்லாத சுவரை அவர் நம்பிப் பிடிப்பதற்காக என்னால் கட்ட முடியாது. அழித்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக, வெளி ஓரத்தில் இருந்த படிக்கட்டை வரைபடத்தில் நடுவுக்குக் கொண்டுவந்தேன். தூணுக்குத் தூண் இடுப்பளவில் இரும்புக் குழாய் ஓடும். தண்ணீர் அதன் மேலும் கீழுமாகப் போய்விடும். கீழே எங்கு நின்றாலும் கைக்கு எட்டும். அதைப் பிடித்துக்கொண்டே படிக்கு வந்து மேலே ஏறலாம். இரண்டு அளவில் குழாய்த் துண்டுகளைத் தூணோடு கட்டிவைத்து, உம்மாவை மறுபடி அழைத்தேன்.

அவர் இரண்டையும் பிடித்துப் பார்த்தார். மெல்லியதிலேயே கை நின்றது.

"தடிச்சதுதான் உம்மா பலம். உப்புக் காத்துக்கும் நிக்கும்."

"அதுக்கு ரெண்டு கையும் வேணும்."

குழாயை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, மற்றக் கையை வளைத்து இடுப்போடு வைத்தார். பிள்ளை தூக்கும் கை.

"மதில ரெண்டு கையாலயும்தான் பிடிச்ச நான்," என்றார்.

மேசன் காக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேலிப் பக்கம் போனார். நான் உம்மாவின் அருகில் நின்றேன். வெகுநேரம் அவர் குழாயை விடவில்லை.

மெல்லிய குழாயையே போட்டோம். வலுவுக்காக இடையில் தாங்கிகளை நெருக்கிவைத்தேன், துருப் பிடிக்காத பூச்சும் கொடுத்தேன். கூரை வேலை முடிந்த வாரம், வாடகை வீட்டிலிருந்து உம்மா தன்னுடைய கட்டிலை முதலில் அனுப்பிவைத்தார்.