ரோசம்மாள் இழுத்த மூச்சு

எங்கள் தெருவில் ரோசம்மாள் அக்காவிடம் பொய் சொல்லித் தப்பியவர் கிடையாது. அவர் புருஷன் எட்வர்ட் அண்ணன் உட்பட.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் இருவருக்கும் வேலை. அண்ணன் உலையடியில் நின்றார், அக்கா கரித்தூசி கூட்டினார். சம்பளத்தோடு இருமலையும் வாங்கி வந்தார்கள். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆடாதோடைச் சாற்றை ஆவியாக்கி, முகமூடி வழியே இழுக்கவைத்து, நுரையீரல் வீக்கம் குறைகிறதா என்று சோதித்தார்கள். வழக்கமான மருந்தோடு பாதிப் பேருக்குச் சாறு, மீதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று கடைசியில்தான் சொல்வார்கள். வீட்டில் ஆவியோ புகையோ பிடிக்கக் கூடாது. இருவரும் சேர்ந்தார்கள்.

சளி என்றாலே நொச்சியைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் தலையை விடுகிற ஊர் இது. அண்ணனுக்கு எங்கே பொறுக்கும்? கம்பெனிச் சுவரோரம் கரி படிந்து நின்ற ஆடாதோடையைப் பறித்துவந்தார். அக்கா இல்லாத நேரம் பார்த்து, சாம்பிராணிச் சட்டியில் போட்டுப் புகையை இழு இழு என்று இழுத்தார். அன்றைக்கே மூச்சு முட்டி அதே ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

சாறுதான் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று சோதனையை நடத்திய டாக்டரம்மா எல்லாருக்கும் சோதனையை நிறுத்திவிட்டார். அண்ணன் புகை இழுத்ததை மறைத்துவிட்டார், சொன்னால் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்களே. அக்கா வீட்டில் கருகிய இலை கிடந்த சாம்பிராணிச் சட்டியைப் பார்த்தார். நேரே ஆஸ்பத்திரிக்கு ரயிலேறினார்.

"இன்னாய்யா, பொகைய இழுத்துட்டு பழிய மருந்து மேல போடுறியா? நம்ம புள்ள குணா அதே உலைல நின்னுகினு கீறான். நாளைக்கு அவனுக்கு இன்னாத்த குடுப்ப?"

அண்ணன் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னார். பயந்தபடியே அவரை நீக்கினார்கள். சோதனை மறுபடி தொடங்கியது. மார்கழிப் பனியில் இழுத்து இழுத்து இருமினாலும், அக்கம்பக்கம் நீட்டிய நொச்சியை அக்கா தொடவில்லை. அந்த வைராக்கியம் எனக்கெல்லாம் வராது.

கடைசி நாளில் டாக்டரம்மா சொன்னார்: சாறு இழுத்த சிலருக்கு வீக்கம் குறைந்திருக்கிறது, இன்னும் பெரிய சோதனை வேண்டும். அக்கா இழுத்தது உப்புத் தண்ணீர்.

கூட வந்திருந்த அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இத்தினி நாளா வெறும் தண்ணியாடி?"

"தண்ணி இழுக்க ஒருத்தி இல்லன்னா, மருந்து வேல செஞ்சிதான்னு எத்த வச்சு பாப்பாங்க?" என்றார் அக்கா. அதற்குள் இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"அந்தப் பெரிய சோதனை எப்பம்மா?"